குபான் வானத்தில் பழகிய வான்சண்டை: ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ், பல வருட அனுபவம்

இரண்டாம் உலகப்போர் விமானங்களை ஓட்டும் கணினி விளையாட்டான ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸை வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: வான்சண்டை பழக ஆசை இருந்தால் வாங்குங்கள், அதிலும் குபான் தொகுப்பை முதலில் வாங்குங்கள். டிசிஎஸ் வேர்ல்ட் என்ற விளையாட்டின் முழு விமான மாட்யூல்களில் காக்பிட்டின் ஒவ்வொரு சுவிட்சையும் தட்டலாம். வார் தண்டர் என்ற விளையாட்டில் எந்த நேரத்திலும் ஆட ஆள் கிடைக்கும். ஆனால் வேகம் எப்போது கரைகிறது, இறக்கை எப்போது நடுங்க ஆரம்பிக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக உணர்த்தும் விளையாட்டு, நான் ஆடியவற்றில், இது ஒன்றுதான்.

குபானை முன்னே வைக்கக் காரணம் உண்டு. 1943 வசந்த காலத்தில், தெற்கு ரஷ்யாவில் அந்த வானத்தில்தான் சோவியத் போர் விமானி அலெக்ஸாண்டர் பொக்ரிஷ்கின் அமெரிக்கத் தயாரிப்பான பி-39 ஐராகோப்ராவில் பறந்தார். அவருடைய சூத்திரம் பிரபலம்: உயரம், வேகம், வளைவு நெளிவு, சுடுதல். சுடுவது கடைசியில் வருகிறது. முதல் மூன்றும் ஒழுங்காக நடந்தால் நான்காவதற்கு ஒரு நொடி போதும்.

உயரத்தின் மதிப்பைக் கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் மேலேறி, வேகம் 300-க்குக் குறைந்தால், காற்றுத்தடையையும் எஞ்சின் இழுவிசையையும் விட்டுவிட்டுப் பார்த்தால், சுமார் 630 மீட்டர் உயரம் கிடைக்கும். கீழே பாய்ந்தால் அந்த வேகம் திரும்பி வரும், தடை தின்றதுபோக. வங்கிக் கணக்கு மாதிரிதான், எடுக்கலாம், போடலாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கட்டணம் பிடிப்பார்கள். இன்னொரு கணக்கு: 6 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல ஆறு மடங்கு விசையில், 600 கி.மீ. வேகத்தில் திரும்பினால் வட்டத்தின் ஆரம் சுமார் 480 மீட்டர். 400 கி.மீ. என்றால் 213 மீட்டர்தான். அதனால்தான் வேகமாகத் துரத்தி வருபவர், குறைந்த வேகத்தில் திரும்புகிறவரைத் தாண்டி முன்னால் போய் மாட்டிக்கொள்கிறார்.

இதற்கு மருந்து ஹை யோ-யோ, அதாவது மேலே ஏறி வேகத்தைக் குறைத்து மறுபடி கீழே விழும் உத்தி. நீங்கள் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் ஜி-4, எதிரி பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் மார்க் 5 என்று வைத்துக்கொள்வோம். அவர் இடது பக்கம் இறுக்கித் திரும்புகிறார். அந்த வட்டத்துக்குள் போட்டி போட்டால் ஸ்பிட்ஃபயர்தான் ஜெயிக்கும். எனவே சாய்வைக் கொஞ்சம் குறைத்து, மூக்கை மேலே தூக்க வேண்டும். தலையை உயர்த்தி, கூரைக் கண்ணாடி வழியே அவரை விடாமல் பார்க்க வேண்டும். 480-இல் இருந்த வேகமானி முள் 350-க்கு வரும். அங்கே, பாதி கவிழ்ந்த நிலையில் உருண்டு, அவருடைய வட்டத்துக்குள்ளே விழ வேண்டும். எங்கே விழுவது என்பதை முடிவு செய்வது கண்தான். அவர் இப்போது இருக்கும் இடத்தை நோக்கி விழுந்தால் மறுபடி தாண்டிப் போய்விடுவோம். அவர் வால் கடந்துபோன இடத்தைக் குறிவைத்தால் பின்னால் சரியாக அமரலாம்.

அப்புறம் சுடுவது. 300 மீட்டரில் 20 மி.மீ. குண்டு போய்ச்சேர சுமார் 0.4 நொடி ஆகும். அதற்குள் குறுக்கே 450 கி.மீ. வேகத்தில் போகிறவர் 50 மீட்டர் நகர்ந்திருப்பார், அதாவது ஐந்து விமான நீளத்துக்கும் மேல். அவ்வளவு முன்னால் குறிவைத்தால் ஆளே மூக்குக்கு அடியில் மறைந்துவிடுவார். 150 மீட்டருக்குள் போகும்வரை சுடும் விசையைத் தொடாமல் இருப்பது எவ்வளவு நல்லது என்று எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

கருவிகளில், தலையைத் திருப்பினால் திரையில் பார்வையும் திரும்பும்படி தலை அசைவைப் படிக்கும் ஏற்பாடுதான் முதல் தேவை. அதற்கான ஓபன்ட்ராக் மென்பொருள் இலவசம், சாதாரண வெப்கேம் போதும், முகத்தில் வெளிச்சம் விழ ஒரு டேபிள் லேம்ப் இருந்தால் சரி. ஜாய்ஸ்டிக் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் காந்தத்தால் அசைவை உணரும் ஹால் சென்சர் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். உராய்ந்து இயங்கும் பொட்டென்ஷியோமீட்டர் வகை நம்மூர் தூசியிலும் ஈரப்பதத்திலும் தேய்ந்து, குறிவைக்கிற நேரத்தில் மூக்கு தானாகத் துள்ளும்.

ஐரோப்பிய சர்வர்களில் சென்னையிலிருந்து பிங் (தகவல் போய்வரும் நேரம்) 150 மில்லிசெகண்ட் பக்கம் வரும். ஆடலாம், குறையில்லை. நேரம்தான் சிக்கல்: பெர்லினில் மாலை 7 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 11.30. இருந்தும் எங்கள் கூட்டம் விடுவதில்லை. அதில் ஒருவன் தாம்பரத்துக்காரன், விமானப்படையின் பயிற்றுநர் பள்ளியிலிருந்து கிளம்பும் பிலாட்டஸ் பயிற்சி விமானங்களைப் பார்த்தே வளர்ந்தவன். "மச்சி, உனக்கு ஆறு மணில ஒருத்தன் ஏர்றான், என் பக்கம் திரும்பு!" என்று அவன் கத்தினால் யோசிக்காமல் திரும்புவேன் (ஆறு மணி என்றால் நேர் பின்னால்). பின்னால் வருபவர் அப்படியே அவன் துப்பாக்கி முன்னால் வந்துவிடுவார். அமெரிக்கக் கடற்படையின் ஜான் தாட்ச், 1942-இல் ஜப்பானின் சீரோ போர் விமானங்களுக்கு எதிராகப் பயன்படுத்திய பின்னல் முறைதான் இது. தனியாக எவ்வளவு திறமையாக ஓட்டினாலும், நல்ல ஜோடிக்கு ஈடாகாது.

குறைகளும் உண்டு. கணினி ஓட்டும் விமானங்கள் அநேகமாக ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், அதை வைத்துப் பழகினால் மனிதர்களிடம் திணறுவோம். பதிவுசெய்த ஆட்டங்கள் புது அப்டேட் வந்தால் சில சமயம் ஓடாது, ஆகவே அன்றே பார்த்துவிட வேண்டும். அந்தப் பதிவில் எதிரியின் விமானத்துக்குக் கேமராவை மாற்றிப் பாருங்கள். அவர் எப்போது நம்மைக் கண்டார், எந்த நொடியில் பார்வையிலிருந்து தவறவிட்டார் என்பது அங்கே தெரியும். என் ஆட்டம் மேம்பட்டதில் பாதிப் பங்கு இதற்குத்தான்.

ஸ்டீம் என்ற இணையக் கடையில் தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள், நல்ல விலை குறையும். ஆரம்பத்தில் மெஸ்ஸர்ஷ்மிட் ஜி-4 எடுங்கள். எஞ்சினின் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும், உங்கள் கவனம் வெளியே இருக்கும். பி-39 அழகுதான், ஆனால் எஞ்சின் பைலட்டின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் விமானம் அது, ஸ்டிக்கை அதிகம் இழுத்தால் சுழன்று விழும். யோ-யோ கைக்கு வந்தபிறகு அதைத் தொடுங்கள்.