எப்போதாவது மட்டும் ஸ்டார்ட் ஆகாத பழைய ஆட்டோமேட்டிக்: இஎல்எம்327 ஸ்கேனர் எதுவரை உதவும்?

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இஎல்எம்327 புளூடூத் ஸ்கேனரை வாங்குபவர்கள், காரில் செருகியதும் கோளாறு போன் திரையில் வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். செக் எஞ்சின் லைட் எரியும் காருக்கு அது ஓரளவு சரி. காலையில் நன்றாக ஓடி, மதியம் வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது மக்கர் பண்ணி, அரை மணி கழித்துத் தானே ஸ்டார்ட் ஆகும் பழைய ஆட்டோமேட்டிக்கில் செருகினால் பெரும்பாலும் 'கோட் (கோளாறைக் குறிக்கும் எண்) எதுவும் இல்லை' என்றுதான் வரும். பல பழைய கார்களில் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் சர்க்யூட்டை ஈசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, கவனிப்பதே இல்லை. கோட் எங்கிருந்து வரும்? கிளட்ச் இல்லாத வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது.

வாங்குமுன் ஒன்று பார்க்க வேண்டும். 16 பின் சாக்கெட் இருந்தாலே ஸ்கேனர் பேசிவிடாது. ஸ்கேனரோடு பேசுவதற்கான பொது முறையான ஓபிடி-2, அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்து கட்டாயம். இந்தியாவில் அது 2013 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முந்தைய நம்மூர் வண்டிகள் சில பதில் சொல்லும், சில சொல்லாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது பிஎல்இ (லோ எனர்ஜி புளூடூத்) வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்தக் கருவி காசுக்கு மேல் வேலை செய்யும் இடம், செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காத சமயம். ஆப்பில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை), வோல்டேஜ் இரண்டை மட்டும் திரையில் வையுங்கள். பழைய வண்டிகள் ஸ்கேனரோடு பேசும் புரோட்டோகால் மெதுவானது. திரையில் பத்து அளவீடுகளை வைத்தால் எல்லாமே தாமதமாகத்தான் நகரும். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் 150 முதல் 250 வரை காட்ட வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால், எஞ்சின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மீது சந்தேகம். சூடானதும் செத்து, ஆறியதும் உயிர் பெறுவது அதன் வழக்கம். சில ஈசியுக்கள் நல்ல நிலையிலும் முதல் ஓரிரு சுற்றுக்குப் பூஜ்யம் காட்டும். அதனால் வண்டி ஒழுங்காக இருக்கும்போதே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆர்பிஎம் வருகிறது, ஆனால் சாவியை ஆன் பண்ணியதும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி கேட்க வேண்டிய எரிபொருள் பம்ப் ரீங்காரம் இல்லையென்றால் பம்ப் ரிலேயைப் பாருங்கள். 1990களின் ஹோண்டா சிவிக், அக்கார்டில் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலேயின் சால்டர், வெயில் சூட்டில் முடி இழையளவு விரிசல் விட்டுவிடும். கழற்றி மறுபடி சால்டர் வைத்தால் போதும், புது ரிலேகூட வேண்டியதில்லை.

செல்ஃபே சுற்றவில்லை என்றால் ஸ்கேனரால் கிடைப்பது வோல்டேஜ் மட்டுமே. மலிவு யூனிட்களில் அதுவும் 0.2, 0.3 வோல்ட் தள்ளிக் காட்டும். மல்டிமீட்டரோடு ஒப்பிட்டு ஆப்பில் சரி செய்யலாம். எஞ்சின் ஓடாமல் சில மணி நேரம் நின்ற பேட்டரியில் 12.6 முழு சார்ஜ், 12.2 பாதி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. 'டிக்' என்று சத்தம் வந்தும் வோல்டேஜ் 12-லேயே நின்றால் மோட்டாருக்குள் கரண்ட் போகவில்லை என்று பொருள். பழைய டொயோட்டாக்களின் டென்சோ செல்ஃபில் சோலினாய்டுக்குள் (மோட்டாருக்குக் கரண்ட்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) இருக்கும் செம்பு காண்டாக்ட் தேய்வதால் இது அடிக்கடி நடக்கும். காண்டாக்டும் பிளஞ்சரும் தனியாகக் கிடைக்கின்றன. முழு மோட்டாரை மாற்றச் சொன்னால் அவசரப்பட வேண்டாம்.

'டிக்' சத்தமே இல்லையா? பிரேக்கை மிதித்து நியூட்ரலில் முயலுங்கள். அதில் எடுத்தால் பார்க், நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆக விடும், கியர்பாக்ஸ் மேலுள்ள நியூட்ரல் சுவிட்ச்தான் குற்றவாளி, அல்லது லிவர் கேபிள் விலகியிருக்கிறது. பல வண்டிகளில் அந்த சுவிட்சின் போல்ட் துளைகள் நீளவாக்கில் இருக்கும். போல்ட்டைத் தளர்த்திச் சற்று திருப்பினாலே சரியாகிவிடும்.

மிச்சத்தை டெஸ்ட் லேம்ப் பார்த்துக்கொள்ளும். சோலினாய்டின் மெல்லிய வயர் டெர்மினலிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒரு வயரை, சைலன்சர் சூடு படாமல் கேபினுக்குள் கொண்டுவந்து 12 வோல்ட் 5 வாட் பல்பில் கொடுத்து, மறுமுனையை எர்த் பண்ணுங்கள். மக்கர் பண்ணும் அந்த ஒரு தடவை, சாவியைத் திருப்பும்போது பல்ப் பளிச்சென்று எரிந்தால் கோளாறு செல்ஃப் மோட்டார், அதன் தடித்த கேபிள், எர்த் பக்கம். எரியாவிட்டால் இக்னிஷன் சுவிட்ச், ரிலே, நியூட்ரல் சுவிட்ச் பக்கம். எல்இடி லேம்ப் வேண்டாம். பாசி பிடித்து ஓரிழையில் தொங்கும் வயரிலும் அது எரிந்து ஏமாற்றும். ஏர்பேக், ஈசியு வயர்களில் மட்டும் இந்தப் பல்பை வைத்துவிடாதீர்கள்.

ஆக, சுற்றிப் பிடிக்காத வண்டிக்கு இந்த ஸ்கேனரைத் தயங்காமல் வாங்கலாம். சுற்றவே மறுப்பதற்கு அந்தப் பணத்தில் பல்பும் ஒரு மல்டிமீட்டரும் வாங்குவது மேல். ஸ்கேனரை வாங்கினால் வேலை முடிந்ததும் உருவிவிடுங்கள்: 40 மில்லி ஆம்பியர் இழுத்தாலே நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு ஆம்பியர்-மணி காலி. வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் செருகியபடி விட்டால் பேட்டரி இறங்கி, தேடும் கோளாறோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.