அக்டோபர் கடற்கரை: லண்டன் குடும்பங்களுக்குச் சவுத்தெண்டா, பிரைட்டனா?

அக்டோபர் கடைசியில் பள்ளிகளுக்கு அரைப்பருவ விடுமுறை விடும்போது, லண்டனில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு நாள் கடற்கரைக்குப் போய்வரலாம் என்ற பேச்சு எழுவதும், இந்தக் குளிரிலா என்ற மறுமொழியோடு அது அடங்கிவிடுவதும் வழக்கம். கோடை வெப்பத்தைக் கடல் மெதுவாகவே இழப்பதால், அக்டோபரில் அங்கே நீர் ஏப்ரலைவிட வெதுவெதுப்பாகவே இருக்கும். வாட்டுவது காற்றுதான். ஆகவே மணலையும் அலையையும் வைத்து இடத்தைத் தேர்வதை விட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வீசும், கடல் எப்போது வற்றும், மழை பிடித்தால் எங்கே ஒதுங்கலாம், எத்தனை மணிக்கு இருட்டும் என்பவற்றை வைத்தே இப்பருவத்தில் தேர வேண்டும்.

சவுத்தெண்டுக்கு ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அந்த ரயில் வெஸ்ட் ஹாம், பார்க்கிங் (Barking) நிலையங்களிலும் நிற்பதால் ஈஸ்ட் ஹாம் பக்கத்தில் இருப்பவர்கள் நகரின் நடுப்பகுதிக்குப் போகவே வேண்டியதில்லை. அங்குள்ள கடற்பாலம் 1830-இல் மரத்தாலும், 1889-இல் இரும்பாலும் அமைந்தது. ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் நீளும் அது, உலகிலேயே மிக நீளமான உல்லாசக் கடற்பாலமாகும். தேம்ஸ் முகத்துவாரம் அவ்விடத்தில் மிக ஆழமற்றது என்பதால், கடல் வற்றும்போது கரையிலிருந்து வெகுதூரத்துக்குச் சேறுதான் தெரியும். கப்பல்கள் எந்நேரமும் வந்து அணைய வேண்டுமென்றே பாலத்தை அவ்வளவு தூரம் நீட்டினார்கள். அலையை எதிர்பார்த்து வரும் குழந்தை வற்றிய நேரத்தில் வந்து சேர்ந்தால் முகம் சுண்டிப்போகும். கடல் ஏறும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு ரயில் ஏறுவது நல்லது.

பாலத்தின் மேலேயே ஒரு சிறு ரயில் ஓடுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மாவையோ தாத்தாவையோ அழைத்துச் செல்பவர்களுக்கு இதைவிட வசதியான கடற்கரை லண்டனுக்கு அருகில் இல்லை என்பது என் எண்ணம்: உட்கார்ந்தபடியே கடலுக்கு நடுவே போய்விடலாம். நடக்கக்கூடியவர்கள் போகும்போது ரயிலிலும், திரும்பும்போது நடந்தும் வரவேண்டும்; பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று அப்போது முகத்தில் அறையாது. பலகைகளின் இடுக்கு வழியே காலுக்குக் கீழே தண்ணீர் அசைவதைப் பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். பக்கத்திலுள்ள லீ-ஆன்-சீயில், சைபீரியாவிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும் கருவயிற்றுப் பிரெண்ட் வாத்துகள் அக்டோபரில் ஆயிரக்கணக்கில் சேற்றில் மேயும். வற்றுக் கடலுக்கும் ஒரு பயன் உண்டு என்பது அங்கே விளங்கும்.

குறை என்னவென்றால், சவுத்தெண்டின் இன்பங்கள் பெரும்பாலும் திறந்தவெளியில் இருக்கின்றன. காற்று மிகுந்தால் பாலத்தை மூடிவிடுவார்கள். அதன்பின் மிஞ்சுவது வினிகர் தெளித்த சூடான சிப்ஸ்தான்.

பிரைட்டன் இதற்கு நேர்மாறு. விக்டோரியாவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். குராய்டன்வாசிகளுக்கு இன்னும் குறைவு. கரை முழுவதும் கூழாங்கல். மணல் உடையில் ஒட்டாது என்பது ஆறுதல். ஆனால் தள்ளுவண்டி அதில் ஓர் அடி நகராது, மூட்டுவலி உள்ளவர்களுக்கும் கால் சறுக்கும். கரை சட்டென்று சரிவதால், அலை பெரிதாக இருக்கும் நாளில் சிறுவர்களை நீரோரம் விடக்கூடாது. கடற்காகங்கள் கையிலிருப்பதைப் பறித்துச் செல்வதில் தேர்ந்தவை; புளிச்சோற்றுப் பொட்டலத்தைச் சுவரோரம் உட்கார்ந்து பிரிப்பதே உத்தமம்.

ஆனாலும் மழைக்கு ஒதுங்க பிரைட்டனைப் போல் ஓர் ஊர் இல்லை. 1872-இல் திறக்கப்பட்டு இன்றும் இயங்கும் மீன்காட்சியகம் கடற்பாலத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. அங்கிருந்து சில நிமிட நடையில் ராயல் பெவிலியன். இந்தியக் கும்மட்டங்கள் தாங்கிய இந்த அரண்மனை, முதல் உலகப்போரில் காயம்பட்ட இந்தியப் படைவீரர்களுக்கு மருத்துவமனையாக இருந்தது; அதன் நினைவாக 1921-இல் நிறுவப்பட்ட தோரணவாயில் தோட்டத்தின் தெற்கில் நிற்கிறது. நுழைவுச்சீட்டின் விலை உறைக்கும். வாயிலைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

பிரைட்டனுக்கே நான் முன்னுரிமை தருவதற்குக் காரணம் வேறு. இலையுதிர் காலத்தின் பின்பகுதியில் சூரியன் மறையும் வேளையில் மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் பெருங்கூட்டமாக வானில் சுழன்று, விரிந்து, குவிந்து, கடைசியில் பேலஸ் கடற்பாலத்தின் அடியில் அடைகின்றன. கோடையில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் திருப்பப்பட்டதும் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைவதால், பறவைகளைப் பார்த்துவிட்டும் பிள்ளைகளை உறங்கும் நேரத்துக்குள் வீட்டில் சேர்த்துவிடலாம்.

மணல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் வீட்டில் இருந்தால் மார்கேட் (Margate) என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. 2011-இல் திறக்கப்பட்ட டர்னர் கலைக்கூடம் கரையிலேயே ஒதுங்க இடம் தரும், கட்டணமும் இல்லை. ஆனால் பயணம் நீளம், பகலோ குறுகல்.

குடும்ப ரயில் அட்டை எங்கே போனாலும் உதவும்: பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 விழுக்காடும் குறையும். வேலைநாள் காலை நெரிசல் நேரத்தில் அது செல்லாது. முதியவர்களும் தள்ளுவண்டியும் உடன் வந்தால், காற்றில்லாத நாளாகப் பார்த்துச் சவுத்தெண்டுக்குப் போங்கள். மற்றவர்கள் கடிகாரம் மாறிய பிறகு, முற்பகல் பதினோரு மணிக்குள் பிரைட்டனில் இறங்குமாறு புறப்படலாம்.