40 மணி நேர ஆர்பிடி ஆன்லைன் கோர்ஸ்: வாங்கறதுக்கு முன்னாடி இத படிங்க

அமெரிக்காவுல ஆட்டிசம் உள்ள குழந்தைங்களோட பிஹேவியர் டெக்னீஷியனா (நடத்தைப் பயிற்சி குடுக்கறவரா) வேலை பாக்கணும்னா நெறைய இடத்துல ஆர்பிடி, அதாவது ரெஜிஸ்டர்டு பிஹேவியர் டெக்னீஷியன் சர்டிஃபிகேட் கேக்கறாங்க, அதுக்கு இந்த 40 மணி நேர டிரெயினிங் முடிச்சாகணும். நான் எடுத்தது செல்ஃப் பேஸ்டு, கம்பெனி பேர் வேண்டாம். வீடியோ, நடுநடுவுல குவிஸ், அவ்ளோதான்.

மெஷர்மென்ட் பாடம் மட்டும் உண்மையிலேயே சூப்பர். ஒரு பையன் எத்தனை தடவை கத்தறான், எவ்ளோ நேரம் கத்தறான், "உக்காரு"னு சொன்னப்புறம் உக்கார ஆரம்பிக்க எவ்ளோ நேரம் எடுக்கறான், இதெல்லாம் தனித்தனி அளவுன்னு சும்மா சொல்லாம சின்ன கிளிப் போட்டு நம்மளையே டேட்டா எடுக்க வெச்சு அப்புறம்தான் விடைய காட்டறாங்க. நேரத்த 10 செகண்டு துண்டா பிரிச்சு குறிக்கற பார்ஷியல் இன்டர்வெல்ல நான் பூரா தப்பா போட்டேன், அந்த 10 செகண்டுக்குள்ள ஒரு தடவை வந்தாலே டிக் போடணுமாம், நான் முழு 10 செகண்டும் வந்தாதான்னு நெனச்சிட்டேன், அது ஹோல் இன்டர்வெல். நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னா தண்டனைன்னு வேற நெனச்சிட்டிருந்தேன்! நோட்ட தூக்கி எறிஞ்சா படிப்புல இருந்து தப்பிக்கலாம்னு புள்ள கத்துக்கிட்டா எறியறது கூடத்தான் செய்யும், புடிக்காத ஒண்ணு விலகறதால நடத்தை கூடறது, அதான் விஷயம்.

ஆனா பிஹேவியர் ரிடக்‌ஷன் (அடம் மாதிரி நடத்தைய குறைக்கற பாடம்) வந்ததும் ஸ்லைட வாசிக்கற குரல் மட்டும்தான். எக்ஸ்டிங்ஷன், அதாவது அடம் புடிச்சா முன்ன கெடைச்சத இப்ப குடுக்காம விடறது, அத பண்ணும்போது அடம் குறையறதுக்கு முன்னாடி இன்னும் ஏறலாம்னு ஒரே ஒரு வரி. ஐயா, புதுசா வர்றவங்க பயந்து போய் கேட்டத குடுத்துடறது அந்த நேரத்துலதான், குடுத்துட்டா இன்னும் பலமா கத்தினா கெடைக்கும்னு நாமளே கத்துக்குடுத்த மாதிரி, அதுக்கு அரை மணி நேரமாவது வேண்டாமா? கையப் புடிச்சு பிராம்ப்ட் பண்றது (செய்ய உதவறது), அத எப்போ விடறதுங்கறதும் ஸ்கிரீன்ல பாத்து வராது.

செல்ஃப் பேஸ்டுன்னாலும் ரெண்டே நாள்ல முடிக்க முடியாது, கொறஞ்சது 5 நாள், அதிகபட்சம் 180 நாள், இது சர்டிஃபிகேட் குடுக்கற அமைப்பான பிஏசிபியோட ரூல். டேப் மாத்தினா வீடியோ நின்னுடும், எரிச்சல்தான், ஆனா நியாயம். 2026 ஜனவரியில இருந்து சிலபஸ் மூணாவது எடிஷன், பழைய சிலபஸ் (டாஸ்க் லிஸ்ட்) வீடியோவ தலையில கட்டிடாம பாத்துக்கோங்க.

இப்ப என் முக்கியமான கடுப்புக்கு வரேன். "ஆர்பிடி ஆகுங்க"ன்னு கொட்டை எழுத்துல போட்டு விக்கறாங்க, ஆனா 40 மணி நேரம் முடிச்சா கையில வர்றது கோர்ஸ் முடிச்ச பேப்பர் மட்டும்தான். அப்புறம் பிசிபிஏ (சர்டிஃபிகேட் வாங்கின பிஹேவியர் அனலிஸ்ட்) மாதிரி தகுதி உள்ள ஒருத்தர் காம்பிடென்ஸி அசெஸ்மென்ட், அதாவது நமக்கு வேலை தெரியுமான்னு நேர்ல சோதிக்கறது, பண்ணணும், அதுக்கப்புறம்தான் அப்ளிகேஷன், பியர்சன் வியூங்கற கம்பெனியோட பரீட்சை சென்டர்ல 90 நிமிஷத்துல 85 கேள்வி பரீட்சை. வேலை இல்லாதவங்களுக்கு அசெஸ்மென்ட் யார் பண்ணுவா? ரெண்டு மாசம் அலைஞ்சேன். கடைசில சேந்த ஏஜென்சில புதுசா வர்றவங்களுக்கு இந்த டிரெயினிங்கையே சும்மா குடுக்கறாங்க, சம்பளத்தோட வேற. அதனால மொதல்ல வேலைக்கு அப்ளை பண்ணி கேட்டுப் பாருங்க.

3 ஸ்டார். அசெஸ்மென்ட் பத்தி சப்போர்ட்டுக்கு மெயில் போட்டதுக்கு "அது உங்க எம்ப்ளாயர் பாத்துக்கணும்"னு ஒத்த வரில பதில் வந்துச்சு, அந்த வரிய பணம் கட்டற பக்கத்துலயே போட்டிருந்தா இன்னொரு ஸ்டார் குடுத்திருப்பேன்.