பலகை இடுக்கா, தண்ணீர்த் தொட்டியா? அமெரிக்க மாட்டு வேகன்களின் பழைய போட்டி

பழைய அமெரிக்க மாட்டு வேகன் படங்களை உற்றுப் பார்த்தால், கீழ்ப் பலகைகளில் வழிந்து காய்ந்த வெள்ளைக் கறை தெரியும். சுண்ணாம்புதான் அது. மாடுகளை இறக்கிய பிறகு தரையைக் கூட்டி, நோய் பரவாமல் இருக்க உள்ளே சுண்ணாம்பு அடிப்பார்கள். அது பலகை இடுக்கு வழியாக வெளியே ஒழுகி நிற்கும். எந்த ரயில் கம்பெனியின் வேகன் என்று எழுத்தைப் படிப்பதற்கு முன்பே, இது மாடு ஏற்றியது என்று அந்தக் கறை சொல்லிவிடும்.

அந்த இடுக்கு வைத்த வேகனுக்கும், 1880-களில் அதற்குப் போட்டியாக வந்த 'பேலஸ்' வேகனுக்கும் நடந்த போட்டியை எடுத்துக்கொள்வோம். பேலஸ் என்றால் அரண்மனை. பெயர் பெரியதுதான், ஆனால் அதைக் கட்டியவர்கள் மாட்டின் பசியையும் தாகத்தையும் உண்மையிலேயே நினைத்துப் பார்த்தவர்கள்.

முதலில் சாதாரண வேகன். ஆரம்பத்தில் மூட்டை ஏற்றும் அடைத்த வேகனிலேயே மாட்டையும் ஏற்றினார்கள். காற்று போதவில்லை. அதனால் பக்கச் சுவரில் பலகைகளைக் கிடையாக, நடுவில் கை நுழையும் அளவு இடம் விட்டு அடித்தார்கள். சட்டங்கள் பெரும்பாலும் வெளிப்பக்கம் இருக்கும், பலகைகள் உள்பக்கம் இருக்கும். மாடு உரசும் இடம் வழவழப்பாக இருக்க வேண்டும், கொம்போ இடுப்போ நிமிர்ந்த சட்டத்தில் மோதக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி. ஆனால் பலகையை இடைவெளி விட்டு அடித்தால் சுவருக்கு உறுதி குறையும். அடைத்த வேகனில் பலகைகளே சேர்ந்து ஒரு சுவராக நின்று கொஞ்சம் பாரம் தாங்கும். இங்கே அது நடக்காது. அதனால்தான் மாட்டு வேகனின் பக்கத்தைப் பார்த்தால் பாலம் மாதிரியே இருக்கும்: நிமிர்ந்த சட்டங்கள், அவற்றுக்கு நடுவே சாய்ந்த சட்டங்கள். மர வேகன் காலத்தில் அடியில் நீள இரும்புக் கம்பிகளை முறுக்கி இழுத்து, நடு வேகன் தொய்யாமல் பிடித்தார்கள். எனக்கு இந்த வேகனில் மிகப் பிடித்த பகுதி இந்தப் பக்கச் சட்டகம்தான். எலும்பெல்லாம் வெளியே தெரிகிற கட்டுமானம்.

36 அடி நீளம் வெகுநாள் வழக்கத்தில் இருந்தது. பிறகு 40 அடி வந்தது. பெரிய மாடு என்றால் இருபது சொச்சம் நிற்கும், அதுவும் நெருக்கியடித்துக்கொண்டு. வேண்டுமென்றேதான் நெருக்கமாக ஏற்றினார்கள். ரயில் குலுங்கும்போது ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் ஒரு மாடு படுத்துவிட்டால் மற்றவை அதை மிதித்தே கொன்றுவிடும். அதனால் மாட்டோடு போகும் ஆள், வண்டி நிற்கிற இடமெல்லாம் லாந்தரோடு இறங்கி ஓடி, நம் தார்க்குச்சி மாதிரியான நீளக் கோலை இடுக்கில் விட்டுக் குத்தி, படுத்த மாட்டை எழுப்புவான். மேய்ப்பர்களுக்கு 'கவ்பஞ்சர்' (மாட்டைக் குத்துபவன்) என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். காற்று வரட்டும் என்று விட்ட இடுக்கு, குச்சி நுழையவும் வசதியாகப் போனது.

1873-ல் ஒரு மத்திய சட்டம் வந்தது. கால்நடைகளை 28 மணி நேரத்துக்கு மேல் வேகனில் அடைத்து வைக்கக் கூடாது. இறக்கி, தீனி தண்ணீர் கொடுத்து, குறைந்தது 5 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். மீறினால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம். இந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கும் இருந்தது: வேகனுக்குள்ளேயே தீனியும் தண்ணீரும் ஓய்வெடுக்க இடமும் கிடைத்தால் இறக்கத் தேவையில்லை. பேலஸ் வேகன்கள் முளைத்தது இந்த விலக்கின் வழியாகத்தான்.

சிகாகோவில் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த அலான்சோ மேதர் 1880 வாக்கில் ஒரு வேகனை வடிவமைத்தார். பயணத்திலேயே தீனியும் தண்ணீரும் கொடுக்கும் வசதி அதில் இருந்தது. 1883-ல் அமெரிக்கன் ஹியூமேன் அசோசியேஷன் என்ற விலங்கு நல அமைப்பு அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. சிகாகோவில் இன்றும் ஒல்லியாக நிற்கும் மேதர் டவர் அவர் பெயரில் எழுந்ததுதான். பாஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் பர்ட்டன் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் வேகனில் வைக்கோல் பரப்பி, மாடு படுக்கவே இடம் விட்டார். நீண்ட பயணத்தில் மாட்டுக்கு வேண்டியது எது என்று கேட்டால், நான் தண்ணீருக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன். படுத்தால் மிதிபடாத இடம். அந்த வகையில் என் ஓட்டு பர்ட்டனுக்கு.

அப்படியிருந்தும் சாதாரண வேகன்தான் ஜெயித்தது. காரணம் கல் நெஞ்சு மட்டும் இல்லை, கணக்கும்தான். தொட்டியும் தடுப்பும் வைத்தால் வேகனின் வெற்று எடை கூடும், மாட்டின் எண்ணிக்கை குறையும். சாதாரண வேகன் திரும்பும்போது செங்கல், நிலக்கரி, மரம், தர்பூசணி என்று எதையாவது போட்டுக்கொண்டு வரும். தொட்டி வைத்த வேகனில் அது கஷ்டம். (மினியாபொலிஸைச் சேர்ந்த ஹென்றி ஹிக்ஸ் இதைப் புரிந்துகொண்டு, மாட்டுக்கும் மூட்டைக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய வேகனுக்கு 1881-ல் காப்புரிமை வாங்கினார்.) அப்புறம், மாட்டை இறக்கி ஓய்வு தரும் பட்டிகளில் பணம் இருந்தது. 1865-ல் திறந்த சிகாகோ யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ், ஒன்பது ரயில் கம்பெனிகள் சேர்ந்து உண்டாக்கியது. அங்கே மாடு இறங்கினால் பட்டிக் கட்டணம், வைக்கோல் விலை எல்லாம் வரும். எடை போடும் முன் மாட்டுக்கு நன்றாகத் தண்ணீர் காட்டினால், வழியில் இளைத்த எடையில் கொஞ்சம் திரும்பும். வேகனுக்குள்ளேயே தீனி கொடுத்தால் இந்த வரும்படி எங்கே போகும்?

1906-ல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது, மாட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால் 28 மணியை 36 ஆக்கலாம் என்று வைத்தார்கள். தொட்டி வைப்பதைவிட ஒரு கையெழுத்து வாங்குவது சுலபம். பின்னாளில் மேதர் கம்பெனியே கடைகளில் கிடைக்கும் சாதாரண இரும்புச் சட்டங்களையும் மரத்தையும் வைத்து மலிவான வேகன்கள் கட்டி ரயில் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டது. அந்த மாட்டு வேகன்கள் வெறும் இடுக்குப் பலகை வேகன்கள். தங்கப் பதக்கம் வாங்கிய பெயர் அதே வேகனில் போய் ஒட்டிக்கொண்டதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

என்னைக் கேட்டால், மாட்டின் வலியை அதிகம் குறைத்தது தொட்டியும் இல்லை, வைக்கோலும் இல்லை. 1893-ல் வந்த ரயில் பாதுகாப்புச் சட்டம், வேகன்களைக் கைபடாமல் கோக்கும் தானியங்கி கப்ளரையும் காற்று பிரேக்கையும் கட்டாயமாக்கியது. தொழிலாளிகளின் கைவிரலைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. ஆனால் பழைய இணைப்புகளின் தளர்வில் வண்டி புறப்படும்போதும் நிற்கும்போதும் விழுந்த அடி குறைந்ததால், உள்ளே நின்ற மாடும் தப்பித்தது. மாட்டு வேகனை என்ஜினுக்குப் பக்கத்தில் கோக்கும் வழக்கமும் அதே குலுக்கலைக் குறைக்கத்தான்.

பன்றிக்கும் ஆட்டுக்கும் இதே வேகனை நடுவே ஒரு தளம் போட்டு இரண்டு அடுக்காக்கினார்கள். ஆள் குனிந்துதான் உள்ளே போக முடியும். பன்றிக்கு வேர்க்காது என்பதால், வெயில் காலத்தில் தரையில் ஈர மணல் பரப்பி, வழியில் தண்ணீரும் பீய்ச்சினார்கள்.

பிரிட்டனில் நிலைமை வேறு. தூரம் குறைவு, வேகனும் நான்கு சக்கரச் சின்ன வேகன். கீழ்ப் பாதி அடைத்த பலகை, மேல் பாதி திறப்பு. கீழ்க் கதவை அப்படியே சாய்த்தால் மாடு ஏறும் சரிவாகிவிடும். உள்ளே ஒரு தடுப்பை நகர்த்தி வேகனைச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மாற்றி, அதற்கேற்ப வாடகை வாங்கினார்கள். இரண்டு மாடு வைத்திருக்கும் விவசாயிக்கு இது எவ்வளவு வசதி! அமெரிக்க வேகன்களில் நான் பார்க்காத ஒரு நல்ல யோசனை இது.

போட்டியையே மாற்றியது மூன்றாவது ஆள். மாட்டின் எடையில் ஏறக்குறைய பாதி தோல், எலும்பு, குடல் என்று போகிறது, அதை எதற்கு ஆயிரம் மைல் இழுக்க வேண்டும் என்று கேட்டார் சிகாகோ இறைச்சி வியாபாரி கஸ்டவஸ் ஸ்விஃப்ட். என்ஜினியர் ஆண்ட்ரூ சேஸை வைத்து, மேலே பனிக்கட்டி வைத்துக் குளிர்காற்றைக் கீழே இறக்கும் வேகனைக் கட்டினார். மாட்டு வேகனிலும் பட்டியிலும் பணம் போட்டிருந்த பெரிய ரயில் கம்பெனிகள் ஒத்துழைக்கவில்லை. மாட்டு வியாபாரம் அதிகம் இல்லாத கிராண்ட் டிரங்க் ரயில்வே கனடா வழியாக அவர் சரக்கைக் கொண்டுபோனது. சாதாரண வேகனும் பேலஸ் வேகனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, மாட்டுக்குப் பயணமே தேவையில்லை, இறைச்சி போனால் போதும் என்றது இந்த வேகன்.

பேலஸ் யோசனை முழுசாக வெற்றி பெற்ற ஓர் இடம் உண்டு. கோழி. ஆயிரக்கணக்கான கோழிகளை வழியில் பட்டியில் இறக்கி மறுபடி பிடித்து ஏற்ற முடியுமா? முடியாது. அதனால் 1880-களிலேயே வேகன் முழுக்கக் கம்பிக் கூண்டுகளை அடுக்கி, தீனியையும் தண்ணீரையும் வேகனிலேயே வைத்தார்கள். மாட்டோடு போனவன் வண்டியின் கடைசியில், ரயில் ஊழியர்கள் தங்கும் கபூஸ் பெட்டியில் உட்கார்ந்திருப்பான், வண்டி நின்றால்தான் குச்சியோடு வருவான். கோழிக்காரனுக்குக் கூண்டுகளுக்கு நடுவே, வேகனின் மத்தியிலேயே படுக்க இடம் இருந்தது. ஊர் போய்ச் சேரும் வரை அவன் அங்கேயே தூங்கி எழுந்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனான்.