சாரலில் மட்டும் மிஸ்ஸிங்: பழைய காரோடு 11 வருஷம்

புளியரையிலிருந்து புனலூருக்கு வாரத்தில் நாலு நாள் போய் வருகிறேன். வண்டி 2004 மாடல், 796 சிசி, மூணு சிலிண்டர் பெட்ரோல். 2014-இல் செகண்ட் ஹேண்டாக எடுத்தது. இத்தனை வருஷத்தில் என்னை அதிகம் அலையவிட்டது இன்ஜின் மிஸ்ஸிங்தான், அதாவது ஏதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் போவது.

ஜூனில் சாரல் தொடங்கியதும் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வண்டி உதறும். எஸ் வளைவு ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அமுக்கினால் வெட்டி வெட்டி இழுக்கும். ஆரியங்காவு தாண்டி இன்ஜின் நன்றாகச் சூடாகிவிட்டால் ஒரு குறையும் இருக்காது. வொர்க்‌ஷாப்பில் நிறுத்தும்போதும் அப்படித்தான், ஒழுங்காக ஓடும். ஆளுக்கொன்று சொன்னார்கள். பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன். இன்ஜினுக்குள் போகிற காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவினார்கள். ரெண்டு சாரல் சீசன் அப்படியே போச்சு.

அப்புறம் செங்கோட்டையில் ஒரு மெக்கானிக். பானட்டைத் திறக்கும் முன்னாலேயே கேட்டார்: "எப்பெப்பம் மிஸ் அடிக்கு அண்ணாச்சி? காலையிலயா, மழையிலயா, ஏத்தத்திலயா?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. நான் சொன்னதும், "அப்பம் இருட்டின பொறவு வண்டியக் கொண்டாங்க" என்றார்.

ராத்திரி லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு, செடிக்குத் தெளிக்கிற பாட்டிலால் பிளக் வயர்கள் மேல் புகை மாதிரி தண்ணீர் அடித்தார். உடனே இன்ஜின் உதறியது. நடு வயரிலிருந்து வால்வு கவருக்கு நீலமாக ஒரு நூல் பாய்ந்து பாய்ந்து மறைந்தது. கூடவே 'டிக் டிக்' சத்தம். அதோடு விடவில்லை. சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டரின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். ஒண்ணு, மூணைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் சோர்ந்தது. ரெண்டைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. அந்த சிலிண்டர் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். ஓடுகிற இன்ஜினில் பிளக் வயரையே பிடுங்கிப் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஷாக் அடிக்கும், பிளக்குக்கு வோல்டேஜ் தருகிற இக்னிஷன் காயிலும் கெட்டுப் போகும்.

வயரின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. ஈரம் பட்டால் கரண்ட் அது வழியாக வெளியே போய்விடுகிறது. ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் பிளக்கில் பொறி விழ அதிக வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜ் சுலபமான வழியைப் பார்த்து வெடிப்பில் பாய்கிறது. இன்ஜின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும். மூணு வயரையும் மாற்றினோம். அடுத்த சாரலில் ஒரு தடவைகூட வெட்டவில்லை.

2021 ஏப்ரலில் மறுபடி உதறல், ஆனால் இது நேர்மாறு. நல்ல வெயிலில், நிற்கும்போது மட்டும் ஐடிலிங் ஏறி இறங்கும். வேகம் பிடித்தால் வெண்ணெய் மாதிரி ஓடும். இந்தத் தடவை நானே யோசித்தேன். ஐடிலிங்கில் த்ராட்டில் மூடியிருக்கும், உள்ளே உறிஞ்சல் அதிகம். எங்கேயாவது காற்று கள்ளத்தனமாகப் புகுந்தால் அப்போதுதான் உறைக்கும். ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்த்தேன். பிரேக் பூஸ்டருக்குப் போகிற ஹோஸை நெரித்ததும் இன்ஜின் அமைதியானது. முனையில் நகம் நுழையும் அளவு கீறல்!

இந்த வயசு வண்டியில் ஸ்கேனர் பெரிதாக உதவாது. வண்டி தன் கோளாறைத் தானே பதிவு செய்து ஸ்கேனருக்குச் சொல்கிற ஓபிடி, நம் நாட்டில் கார்களுக்குக் கட்டாயமாக வரத் தொடங்கியதே 2010-லதான். மிஸ்ஸிங்கோடு மாசக்கணக்கில் ஓட்டவும் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

இப்போது சத்தம் சீராக இருக்கிறது, ஸ்டியரிங்கில் மட்டும் லேசான நடுக்கம். இன்ஜினைத் தாங்குகிற மவுண்ட் ரப்பர் அமுங்கிப்போயிருக்கிறது. அடுத்த சாரலுக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும்.