வெள்ளன எந்திரிச்சுப் பார்த்த ஒன்றரை வருடம்

"அண்ணே, முழிச்சிருக்கீங்களா?"

ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டால் எனக்கு வேலை வந்திருக்கிறது என்று அர்த்தம். மதுரையில் ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறவன் நான். காதுகுத்தோ கல்யாணமோ, தாய்மாமன் போட்டோ எந்த வரிசையில் வரணும் என்ற பஞ்சாயத்து வீட்டில் முடிந்து என்னிடம் வருவதற்குள் நடுச்சாமம் ஆகிவிடும். முடித்துவிட்டு ஒரு மணிக்கு முட்டை பரோட்டாவும் சால்னாவும். இரண்டரைக்குப் படுக்கை, எட்டரைக்கு மேல் முழிப்பு. பத்து வருடம் இப்படித்தான். "கோட்டான் மாதிரி முழிச்சுக் கெடக்கான்" என்று அம்மா புலம்பும். தூங்கா நகரத்தில் பிறந்துவிட்டு இதற்கு வெட்கப்படுவானேன் என்று நானும் விட்டுவிட்டேன். நெஞ்செரிச்சல் வந்த பிறகுதான் புத்தி வந்தது.

2023 மார்கழியில் முதல் முயற்சி. தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கி நாலரைக்கே அலறும். அதையே அலாரமாக வைத்து ஒரேயடியாக ஐந்து மணிக்கு எழுந்தேன். ராத்திரி பத்துக்குப் படுத்தால் தூக்கம் வந்தால்தானே? இரண்டு மணி வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நாலாம் நாள் கண் சொக்கிப்போய் ஒரு கல்யாண ஃபிளெக்ஸில் 25-ஆம் தேதியை 15 என்று அடித்துவிட்டேன். பத்துக்கு ஆறடி, இரண்டு. திரும்ப அடித்த காசு என் கையிலிருந்து. மார்கழி முடியும்வரை மறுபடி கோட்டான்தான்.

பொங்கல் முடிந்து, 2024 ஜனவரி 17-இல் வேறு மாதிரி தொடங்கினேன். படுக்கும் நேரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, எழும் நேரத்தை மட்டும் பிடித்தேன். முதல் வாரம் எட்டேகால், அடுத்த வாரம் எட்டு. வாரத்துக்குக் கால் மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமைக்கும் சலுகை கிடையாது. டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய சாவி கொடுக்கும் அலாரத்தை அடுப்படி மேடையில் வைத்தேன். நடந்துபோய் அணைத்தாக வேண்டும். நான் போவதற்குள் வீடே எழுந்துவிடும் என்பதால் வீட்டம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக்கணக்கு.

அலாரத்தைவிட உதவியது வெயில். நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். சும்மா விட்டால் தினமும் கொஞ்சம் பின்னால் தள்ளிப்போகும். காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் அதற்கு முள் திருப்பி வைத்த மாதிரி. ராத்திரி வெளிச்சம் இதற்கு நேர் எதிர் வேலை செய்யும், தூக்கத்துக்கு உடம்பைத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும். நானோ இருட்டு அறையில் பெரிய மானிட்டரை மூஞ்சிக்கு நேராக வைத்து உட்கார்ந்திருந்தவன். இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கெல்லாமா பரிசு? கோழிக்குத் தெரியுமே" என்றது.

எழுந்ததும் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை. ஜனவரியில் மதுரையில் ஆறரைக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். மைய மண்டபத்துக்குப் பின்னால் வானம் வெளுப்பதைப் பத்து வருடமாகப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே பார்க்காமல் இருந்திருக்கிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஒரு தடவை போனபோது அங்கிருந்த ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். மொட்டு விரிவதற்குள் பறிக்கணும் என்று விடிவதற்கு முன்பே டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்களாம். ஐந்தேகாலுக்கு எழுவதைச் சாதனை மாதிரி நான் சொல்ல, அந்த அக்கா சிரித்துவிட்டார்.

இதில் கஷ்டமானது சாயங்கால டீ. காபி, டீயில் இருக்கும் காஃபின் பாதி கரையவே ஐந்து மணி நேரம்போல ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். அதனால் நாலு மணிக்கு மேல் டீ இல்லை. வடைச்சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு டீ வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். சாப்பாடு எட்டு மணிக்குள். நெஞ்செரிச்சல் இரண்டே மாதத்தில் குறைந்தது.

ஏப்ரல் நடுவில் ஐந்தேகாலைத் தொட்டேன். தொட்ட சில நாளிலேயே தல்லாகுளத்தில் எதிர்சேவை, சித்திரைத் திருவிழாவுக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்பது. ராத்திரி முழுக்க முழிப்பு, 23-ஆம் தேதி காலையில் அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்து மதியம் வரை செத்த மாதிரி தூங்கினேன். பழைய நேரத்துக்குத் திரும்ப இரண்டு வாரம் பிடித்தது. அதிலிருந்து ஒரு வரம்பு: எவ்வளவு லேட்டாகப் படுத்தாலும் ஆறரைக்கு மேல் படுக்கையில் கிடையாது. தூக்கக்கடனை மதியம் இருபது நிமிடத்தில் தீர்த்துக்கொள்வேன். அடுத்த வருடச் சித்திரைக்கு மூன்றே நாளில் சரியாகிவிட்டது. அழகரை விடுவதாக இல்லை.

போனதையும் சொல்லணும். ஒன்பது மணிக்கு மேல் ஆர்டர் எடுப்பதில்லை என்று ஸ்டேட்டஸ் வைத்ததில் மூன்று பழைய வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போனார்கள். பரோட்டாக் கடை சேக்காளிகளை இப்போது கல்யாண வீட்டில்தான் பார்க்கிறேன். முன்னைவிட அதிகமாக வேலை செய்கிறேனா என்றால் அதுவும் இல்லை, தப்பு குறைந்திருக்கிறது. நைட் ஷிஃப்ட் போகிறவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. பிறவியிலேயே ராத்திரி உடம்புக்காரர்கள் உண்டு, அவர்களையும் வம்பு பண்ண வேண்டாம்.

நினைக்காத ஒன்று, கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். பெரும்பாலும் விடியற்காலையில்தான் கேட்டு வருவார்கள். முன்பெல்லாம் நான் எழுந்து பார்க்கும்போது நாலைந்து மிஸ்டு கால் கிடக்கும், அவர்கள் வேறு கடைக்குப் போயிருப்பார்கள். போன வாரம் ஐந்தரைக்கு ஒரு பையன் கூப்பிட்டான். குரல் உடைந்திருந்தது. "அண்ணே, முழிச்சிருக்கீங்களா?"

"முழிச்சுத்தான்டா இருக்கேன் தம்பி. போட்டோவை அனுப்பு."