1000 வாட்ஸ் ஆர்க்கிட் விளக்கு என்று 18,400 ரூபாய் வாங்கினார்கள், இழுப்பது 68 வாட்ஸ்: வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயங்காலம் அந்தக் கடையில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 18,400 ரூபாயை வாங்கிப் போட்டுக்கொண்டு, கேள்வி கேட்டால் பிளாக். இந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் ராத்திரி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைப் பேரைப் போடவில்லை. புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்குப் பேர் வேண்டாம் என்று என் தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். கோயமுத்தூரில் மாடித்தோட்டச் சாமான், தேங்காய்நார்க் கட்டி, மண்ணில்லாமல் கீரை வளர்க்கிற பைப் செட் எல்லாம் விற்கிற கடை, இன்ஸ்டாகிராமிலும் விற்கிறார்கள். அதுக்கு மேல் சொல்வதற்கில்லை.

எங்கள் வீடு திருப்பூரில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மொட்டை மாடியில் வைக்கலாம் என்றால் சித்திரை வெயிலில் ஃபெலனாப்சிஸ் (ஒரு வகை ஆர்க்கிட்) இலை ஒரே மத்தியானத்தில் வெந்து வெள்ளையாகிவிடும், ஆடி மாதத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொட்டியையே உருட்டிவிடும். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு இந்தச் செடிகள் மேல் உயிர். கையில் காசு இருக்கும்போதெல்லாம் நர்சரியில் ஒன்றிரண்டாக வாங்கி, ஹாலில் இரும்பு ஸ்டாண்டு போட்டு வைத்திருக்கிறேன், ஃபெலனாப்சிஸ்தான் அதிகம், கொஞ்சம் டென்ட்ரோபியம். பூவோடு வந்த செடிகள், பூ கொட்டிய பிறகு மறுபடி பூத்தண்டு விடவே இல்லை. இலை மட்டும் கரும்பச்சையாக, நீளமாக, துவண்டு தொங்கியது. வெளிச்சம் பத்தவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். போதுமான வெளிச்சத்தில் இருக்கிற ஆர்க்கிட் இலை இளம்பச்சையாக, விறைப்பாக இருக்கும். டியூப்லைட் போட்ட ஹால் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் அங்கே சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கிற அளவு) இருக்கும், ஃபெலனாப்சிஸுக்கு இலை மட்டத்தில் 10,000 முதல் 15,000 லக்ஸ் வேண்டும், காட்லியா என்கிற இன்னொரு ஆர்க்கிட்டுக்கு அதில் இரண்டு மடங்கு. அதனால்தான் விளக்கு. சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது, மார்கழிக் குளிருக்கு முன்னாடி மாட்டிவிட்டால், ராத்திரி குளிர்ச்சியும் சேர்ந்து தண்டு வரும் என்று தீபாவளி முடிந்த கையோடு அந்தக் கடைக்குப் போனேன். (ஃபெலனாப்சிஸ் தண்டு விட ராத்திரியில் 25 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும், நம் பக்கம் வீட்டுக்குள்ளே அது நடக்கிற மாதங்கள் கம்மி. ஒரு மார்கழியை விட்டால் ஒரு வருஷம் போச்சு.)

அன்றைக்குக் கடையில் விளக்கு விற்ற பையன் பேசின பேச்சை எழுதினால்தான் உங்களுக்குப் புரியும். போனவுடனே விளக்கைக் காட்டவில்லை. செடியின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கி இலை, வேர் எல்லாம் நிதானமாகப் பார்த்தார். "வேரு நல்லா வெள்ளிக் கலர்ல இருக்குதுங்க்கா, தண்ணியெல்லாம் நீங்க அளவாத்தான் விடறீங்க, வெளிச்சம்தான் பத்தல" என்றார். சரியான பேச்சு அது, செடி தெரிந்த ஆள் பேசுகிற பேச்சு. அப்புறம் உள்ளே கூட்டிப்போய் ஒரு பேனலைப் போட்டுக் காட்டினார், ஊதா வெளிச்சம், கண் கூசியது. அட்டைப்பெட்டியில் கட்டை விரல் அகலத்துக்கு 1000 வாட்ஸ் என்று அச்சடித்திருந்தது. விலை ஒன்று 9,200, என் ஸ்டாண்டுக்கு இரண்டு வேண்டும் என்றார். நான் யோசித்தேன். அப்போது சொன்னார், வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "தை முடியறதுக்குள்ள தண்டு வரலீன்னா லைட்டைக் கொண்டாந்து இந்த டேபிள் மேல வெச்சுருங்க்கா, காசை எண்ணிக் கொடுத்தர்றேன். நான் எங்கீங்க்கா போகப்போறேன், இங்கியேதான் இருப்பேன்."

ஜிபே பண்ணினேன், 18,400. பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி பில் போட்டால் விலை ஏறும் என்று சொல்லி எஸ்டிமேட் என்று தலைப்புப் போட்ட ஒரு துண்டுச் சீட்டில் "லைட் 2" என்று எழுதிக் கொடுத்தார். கடை முத்திரை கிடையாது.

அவர் சொன்னபடியே இலைக்கு மூன்றடி மேலே மாட்டி, டைமர் வைத்துத் தினமும் 12 மணி நேரம் எரியவிட்டேன். மார்கழி போனது, தை போனது, தண்டு இல்லை. டென்ட்ரோபியத்தின் புதுக் குருத்துகள் மெலிந்து மெலிந்து வந்தன, இரண்டு செடி இலையை உதிர்த்துவிட்டது. நடுவில் ஒரு பேனலில் ஒரு வரிசை எல்இடி எரியாமல் போனது. வாட்சப்பில் படம் எடுத்து அனுப்பினால், "அது இன்ஃப்ராரெட்டுங்க்கா, கண்ணுக்குத் தெரியாது, செடிக்கு மட்டும் தெரியும்" என்று பதில். டிவி ரிமோட்டை அமுக்கிக்கொண்டு போன் கேமராவில் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத அந்த விளக்கு கேமராவில் வெளிறிய வெளிச்சமாகத் தெரியும். அதே கேமராவைப் பேனல் பக்கம் திருப்பினேன். அந்த வரிசை கறுப்பாக இருந்தது. செத்த விளக்கு. அதைத்தான் இன்ஃப்ராரெட் என்று சொல்லியிருக்கிறார்.

முழுப் பொய்யும் வெளியே வந்தது ஈபி பில்லில். நான் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், யூனிட் கணக்கு எனக்குத் தெரியாததில்லை. 1000 வாட்ஸ் விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் 12 யூனிட். இரண்டு விளக்கு, ஒரு நாளைக்கு 24 யூனிட். இரண்டு மாதத்துக்கு 1,440 யூனிட் ஏற வேண்டும். ஏறினது நூறு யூனிட்டைக் கூடத் தொடவில்லை! என் வீட்டுக்காரர் பில் கம்மி என்று சந்தோஷப்பட்டார், எனக்கு வயிறு எரிந்தது.

அன்றைக்கே மீட்டரில் பார்த்தோம். இதை நீங்களும் செய்யலாம். வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்த ஒரு விளக்கை மட்டும் போட வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று மீட்டர் முகப்பிலேயே போட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. அந்தக் கணக்குக்கு 1000 வாட்ஸ் என்றால் நிமிடத்துக்கு ஐம்பதுக்கு மேல் மினுக்க வேண்டும். நான் போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மீட்டர் முன்னால் நின்றேன், ஒரு மினுக்கல், அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் இன்னொன்று, ஒரு நிமிடம் முடிந்தபோது நாலு கூட முழுசாக வரவில்லை. மறுநாள் தெரிந்த எலக்ட்ரீசியன் அண்ணன் பிளக்கில் சொருகுகிற வாட்ஸ் மீட்டரைக் கொண்டுவந்து போட்டார். ஒன்று 68 வாட்ஸ். வரிசை செத்தது 55. பெட்டியில் இருக்கிற 1000 எங்கிருந்து வந்தது என்று அவர்தான் சொன்னார்: உள்ளே நூறு எல்இடி, ஒவ்வொன்றும் 10 வாட்ஸ் தாங்கும் என்று கணக்குப் பண்ணி நூறைப் பத்தால் பெருக்கி அச்சடித்துவிடுகிறார்கள், ஓடுவது அதில் பத்தில் ஒரு பங்கு கூடக் கிடையாதாம். 68 வாட்ஸை மூன்றடி உயரத்தில் மாட்டினால் இலைக்கு என்ன போய்ச் சேரும்? தூரம் கூடக் கூட வெளிச்சம் விரிந்து நீர்த்துப்போகும்.

அதை விடப் பெரிய விஷயம் ஒன்று. செடிக்குத் தண்ணீர் ஸ்பிரே அடித்த ஈரக்கையோடு பேனலைத் தொட்டபோது எனக்கு ஒரு தரம் சுருக்கென்று இழுத்தது. அண்ணன் பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தார். பிளக்கில் மூன்று பின் இருக்கிறது, எர்த் ஒயரும் உள்ளே வரை வருகிறது, ஆனால் இரும்பு உடம்பில் திருகி மாட்டாமல் நுனியை அப்படியே வெட்டி விட்டிருந்தார்கள். இரும்பு ஸ்டாண்டு, ஈரம், எர்த் இல்லாத விளக்கு. ஏழு வயசுப் பெண் ஓடி விளையாடுகிற ஹால் அது.

இனிமேல் கடைக்காரர்கள் கதை. முதலில் ஓனர் ஊரில் இல்லை என்றார்கள். அப்புறம் கம்பெனிக்கு அனுப்பிச் செக் பண்ண வேண்டும், கூரியர் செலவு நீங்கள் கட்டுங்கள் என்றார்கள். வாட்சப்பில் நீல டிக் விழும், பதில் வராது. வாட்ஸ் மீட்டர் படத்தை அனுப்பினேன், அது "1000 வாட்ஸ் பல்புக்குச் சமம்" என்று அர்த்தம் என்றார்கள், பெட்டியில் சமம் என்ற வார்த்தையே இல்லை. நேரில் போய் நின்றேன். தை முடிவதற்குள் என்று சொன்ன அதே பையன் என் முகத்தைப் பார்க்காமல் பில் போட்டுக்கொண்டே, "தண்ணி அதிகமா விட்டிருப்பீங்க்கா" என்கிறார்! என் வேரைப் பார்த்து நீங்கள் அளவாகத்தான் விடுகிறீர்கள் என்று சொன்ன வாய் அது. கடையில் நாலு பேர் நிற்கிறார்கள் என்று ஓனர் எழுந்து வந்தார். "இங்க பாருங்க அம்மணி, செடி பூக்கறதும் பூக்காததும் சாமி விட்ட வழி, அதுக்கெல்லாம் நாங்க பொறுப்பெடுக்க முடியாதுங்க." 9,200 ரூபாய் விளக்கு 68 வாட்ஸ் இழுப்பதும் சாமி விட்ட வழியா என்று கேட்டேன். சத்தம் போடாதீர்கள், பில் இருக்கிறதா என்றார். எஸ்டிமேட் சீட்டைக் காட்டினேன். "இதுல எங்க கடைப் பேரே இல்லீங்களே" என்று சொல்லி அதைத் திருப்பி என் கையிலேயே கொடுத்தார். அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டு, அவர்கள் கையெழுத்து.

அந்த ஒரு இடம் மட்டும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஜிபே ரசீதில் கடையின் பேர் தெளிவாக இருக்கிறது, அந்தப் பையன் வாட்சப்பில் எழுதினதும் இருக்கிறது, அதை வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. அது தெரிந்துதான் நேற்று பிளாக். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கோயமுத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. 18,400 ரூபாய் அவர்களுக்குச் சில்லறை. எனக்கு அது ஒரு சீட்டு.

எப்படி விளக்குத் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், மணி ஒன்றாகப் போகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் போட்ட வாட்ஸை நம்பாதீர்கள், கடையிலேயே வாட்ஸ் மீட்டரில் சொருகிக் காட்டச் சொல்லுங்கள், காட்டமாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். ஊதா விளக்கு வேண்டாம், செடி அதில் வளராது என்றில்லை, இலை வெளுக்கிறதா கறுக்கிறதா என்று அந்த வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, லக்ஸ் மீட்டரும் அதற்குச் சரியாகக் காட்டாது. வெள்ளை எல்இடி போதும். ஃபெலனாப்சிஸ் வைத்திருக்கிறவர்கள் நாலடித் தட்டுக்கு 20 வாட்ஸ் வெள்ளை டியூப் நாலு, இலைக்கு அரையடி, ஒரு அடி உயரத்தில் மாட்டி 12 மணி நேரம் போடுங்கள், நான் இப்போது அதைத்தான் செய்கிறேன், ஒரு செடியில் புது இலை இளம்பச்சையாக வருகிறது. மூன்றடி உயரத்தில் மாட்டச் சொன்னால் கேட்காதீர்கள். எஸ்டிமேட் சீட்டு வாங்காதீர்கள், ஜிஎஸ்டி பில்லில் மாடல் பேரும் வாட்ஸும் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வாரண்டியை வாட்சப்பில் எழுத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே இந்த மாதிரி ஊதா பேனல் வாங்கி மாட்டியிருப்பவர்கள் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள், ஸ்டாண்டு இரும்பு என்றால் காலை வரை கூடக் காத்திருக்க வேண்டாம்.